மாநிறத்துக்கு வைத்த எண்

கண்களை மூடும் கறுப்புக் குவளைகளை மாட்டிவிட்டபோது அவற்றின் ரப்பர் விளிம்பில் ஈரம் இருந்தது. தனக்கு முன்னால் இதே படுக்கையில் கிடந்து எழுந்துபோன யாரோ ஒருத்தியின் வியர்வை. துடைத்திருப்பார்கள், இது துடைத்த ஈரம்தான் என்று நினைத்துக்கொள்ள உலகம்மாள் ஒரு கணம் முயன்றாள். பிறகு அந்தப் பொய்யையும் கைவிட்டாள். ஈரம் இமையோரம் ஒட்டியது. அதன்மேல் இருட்டு. இருட்டுக்குள் மூக்கு மட்டும் விழித்துக்கொண்டு கிடந்தது: பன்னீர், டெட்டால், ஏசியின் பூஞ்சை, இவற்றுக்கெல்லாம் அடியில், எத்தனை பன்னீர் தெளித்தாலும் போகாத, பொசுங்கிய மயிரின் நாற்றம். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையின் மாடிக் கட்டடம் ஒன்றில், தோல் கிளினிக்கின் திரை போட்ட அறையில், முகத்து மயிரை லேசர் ஒளியால் எரித்துக்கொள்ள மல்லாந்து கிடக்கிறவள் பாளையங்கோட்டைக் கல்லூரியொன்றில் இயற்பியல் கற்பிக்கிற முனைவர் உலகம்மாள். வயது முப்பத்தாறு. எதற்காக முனைவர் பட்டம் கொடுத்தார்கள் என்று இந்த நேரத்தில் யாராவது கேட்டால் அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும். உயிருள்ள சதைக்குள் ஒளி எப்படிப் புகுகிறது, எங்கே சிதறுகிறது, எது அதை விழுங்குகிறது என்று ஆறு வருடம் ஆராய்ந்து எழுதியதற்காக. இப்போது அந்தச் சதை தன்னுடையது. பிரிஸ்கில்லா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் தாடையில் ஜெல்லைப் பிழிந்து விரலால் பரத்தினாள். சளி. வேறு சொல் தேட வேண்டியதில்லை. யாரோ காறி எடுத்து, குளிர்பதனப் பெட்டியில் பத்திரப்படுத்தி, தன் முகத்தில் தடவுகிற சளி. காதுமடலுக்குக் கீழே அது வழிந்து கழுத்துக் குழியில் தேங்கியது. அதைத் துடைக்கச் சொல்லலாம். சொல்லவில்லை. இந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவள் எதையும் சொல்லவில்லை. அதற்கு முன்பு டாக்டர் அறையிலும் சொல்லவில்லை. அங்கேதான் சிக்கல், நினைப்பு எங்கே போனாலும் அங்கே வந்து தடுக்கி விழுகிறது.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், நல்ல சிவப்பு, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசுகிறவர். தோல் என்ன நிறம் என்று பார்த்துத்தான் மிஷினில் எண் வைக்க வேண்டும் என்றார். எதிரே உட்கார்ந்திருக்கிறவளைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தாலும் என்ன தெரிந்திருக்கும்? அம்மா புறப்படுகிறபோது பாத்ரூம் வாசலில் வழிமறித்து, கழுத்து வரைக்கும் பவுடர் அப்பிவிட்டிருந்தாள். லேசருக்குப் போகிறவளுக்கு எதற்குப் பவுடர் என்று கேட்டதற்கு, வெளியே மாப்பிள்ளையின் அக்கா ஜோதிமணி வந்து நிற்கிறாளே, அவள் பார்க்க மாட்டாளா என்றாள். டாக்டர் கேட்டதும் அம்மா முந்திக்கொண்டாள். “மாநிறம் டாக்டர்.” நாவில் சொல் தயாராக இருந்தது. பதினைந்து வருடமாகத் தயாராக இருக்கிற சொல். தரகரிடம், திருமண நிலையத்தில், கோயிலில் பார்த்த தூரத்து உறவிடம், ஜாதகத்தோடு சேர்த்துத் தருகிற விவரத்தில், உயரம், படிப்பு, நட்சத்திரம், நிறம் என்று வரும்போதெல்லாம் பூரணத்தம்மாள் மாநிறம் என்றே சொல்லி வந்திருக்கிறாள். எலுமிச்சை நிறத்தவளை நல்ல சிவப்பு என்பார்கள், புதுநிறத்தவளைச் சிவப்பு என்பார்கள், கறுப்பியை மாநிறம் என்பார்கள்; ஊருக்கே ஒரு படி ஏற்றிச் சொல்கிற பழக்கம், கேட்கிறவனும் ஒரு படி இறக்கிப் புரிந்துகொள்வான், கணக்குச் சரியாகிவிடும். மனிதர்களுக்குள் சரியாகிவிடும். டாக்டரும் இந்த ஊர்க்காரராக இருந்தால் இறக்கிப் புரிந்துகொண்டிருப்பார். வெளியூர்க்காரர் போல, அப்படியே எடுத்துக்கொண்டார். உள்ளங்கையைத் திருப்பச் சொல்லி, வெயிலே பார்க்காத முழங்கைக்கு உள்பக்கத்தில் ஒரு சொடுக்குச் சொடுக்கிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை பாருங்கள் என்று எண்ணைத் தட்டிவிட்டார். அப்போது உலகம்மாள் மேசைமேலிருந்த பிளாஸ்டிக் தோல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்தோல், கீழ்த்தோல், மயிர்க்கால், கொழுப்பு. கொழுப்புக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள். வாயைத் திறந்து, டாக்டர், நான் கறுப்பு என்று இரண்டு சொல் சொல்ல முடியவில்லை. முடியவில்லை என்பதுகூடப் பொய். அவர் தலையை ஆட்டி மாநிறம் என்று தட்டியபோது ஒரு கணம் இனித்தது. அதுதான் உண்மை. படித்த ஒருவன், தோல் டாக்டர், தன்னை மாநிறம் என்று நம்பிவிட்டான் என்று நாக்கின் அடியில் ஒரு துளி இனிப்பு. அதை நினைக்கும்போது இப்போது குமட்டியது. கழுத்தில் வழிகிற சளியைவிட அந்தத் துளிதான் அருவருப்பு.

சுருக்குன்னு ஒரு ரப்பர் பேண்டு சுண்டுன மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க என்றாள் பிரிஸ்கில்லா. ஈரத்துணியால் பவுடரைத் துடைத்து எடுத்தவள் அவள்தான். துணி வெளுத்ததையும் முகம் கறுத்ததையும் அவள் பார்த்தாள். விரல் ஒரு நொடி நின்றது உலகம்மாளுக்குத் தெரிந்தது. ஆனால் எப்படிச் சொல்வாள்? மேடம், நீங்கள் சொன்னதைவிடக் கறுப்பாக இருக்கிறீர்களே என்று ஒரு பேராசிரியையிடம் எந்தப் பெண் சொல்வாள்? மரியாதை. நாகரிகம். முகம் கருகினாலும் நாகரிகம் குறையக் கூடாது. மிஷின் பூனைபோல உறுமியது. ஒளிக்கு நாகரிகம் தெரியாது, அதுதான் அதன் அழகு என்று வகுப்பில் சொல்வாள், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒளி தோலுக்குள் இறங்கும்போது கறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே விழுங்கப்படும். மயிர்க்காலில் இருக்கிற கறுப்பு விழுங்கட்டும், சூடேறிச் சாகட்டும் என்றுதான் அனுப்புகிறார்கள். ஆனால் மேல்தோலிலும் அதே கறுப்பு இருந்தால்? உள்ளே இருக்கிறவருக்கு அனுப்பிய பலகாரத்தை வாசலிலேயே பிரித்துத் தின்றுவிடுகிற ஆள் மாதிரி, மேல்தோல் அதைத் தின்றுவிடும். தின்று, வெந்து போகும். ஆகையால் கறுத்த தோலுக்கு எண்ணைக் குறைக்க வேண்டும், அல்லது ஆழமாக இறங்குகிற வேறு ஒளிக்கு மாற வேண்டும். இது கரும்பலகையில் அவள் கையாலேயே எழுதுகிற பாடம். முதல் சொடுக்கு விழுந்தது. காதுக்குக் கீழே. ரப்பர் பேண்டு இல்லை. எரிகிற தீக்குச்சியைத் தோலில் வைத்து அழுத்தி எடுத்த மாதிரி. குவளைக்குள் இருட்டு சிவந்து அணைந்தது. வலி ஒரு நொடியில் போய்விட வேண்டும், போகவில்லை, உட்கார்ந்துகொண்டது. கறி வாடை. இல்லை, மயிர் வாடைதான், மனப்பிராந்தி. கறி வாடை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? ஆராய்ச்சிக் காலத்தில் வாரம் தவறாமல் மார்க்கெட்டில் கோழி நெஞ்சு வாங்குவாள், தோலோடு. கறிக்கடைக்காரர் என்ன தங்கச்சி, வீட்டில் தினம் பிரியாணியா என்பார். பரிசோதனைச் சாலையில் அதைச் சீவிக் கண்ணாடித் தட்டில் பரப்பி லேசரை விடுவாள். வெளிறிய இளஞ்சிவப்புச் சதைக்குள் ஒளி குங்குமம் கரைந்த மாதிரிப் பரவும். மின்சாரம் போய்விட்டால் சாயங்காலத்துக்குள் நாறிவிடும். பாவனைத் தோலும் செய்தாள்: பாலில் தண்ணீர் கலந்து அதில் இந்தியன் மை. பால் ஒளியைச் சிதறடிக்கும், மை விழுங்கும். மனிதத் தோலும் அவ்வளவுதான், பாலும் மையும். சொட்டு ஏற ஏறத் தோலின் நிறம் ஏறும். பாட்டில்களை வரிசையாக வைத்தபோது, அவளுடைய வழிகாட்டி, நல்ல மனிதர்தான், மை மிகுந்த கடைசிப் பாட்டிலைக் காட்டி, உலகம்மா, இது உன் ஷேடு என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தாள்? பொங்கல் விடுமுறை முடிந்து திறந்தபோது பால் திரிந்து, மேலே கறுப்பாகக் கட்டி மிதந்தது. அந்தப் பாட்டிலை வாஷ்பேசினில் கொட்டியபோது வந்த புளித்த வீச்சம் நினைவில் இல்லை, மூக்கிலேயே இருக்கிறது.

ஓகேவா மேடம் என்றாள் பிரிஸ்கில்லா. ம் என்றது உலகம்மாளின் தொண்டை. தொண்டைக்கு என்ன வந்தது? கல்லூரி ஆட்சிக்குழுக் கூட்டத்தில் முதல்வரைப் பார்த்து நீங்கள் சொல்வது பொய் என்று சொன்ன அதே தொண்டை. அடுத்த சொடுக்கு, அதற்கு ஒரு விரற்கடை தள்ளி. பல்லைக் கடித்தாள். முதல் இடம் இன்னும் எரிகிறது. எரிகிறது என்றால் கொப்புளம், கொப்புளம் என்றால் அப்புறம் கரிய தழும்பு, அல்லது வெளுத்த தழும்பு. வெளுத்தால் அம்மா சந்தோஷப்படுவாளோ? அங்கேயாவது வெளுத்ததே என்று.  அம்மாவுக்கு ஒளியைப் பற்றி ஒரு சித்தாந்தமே உண்டு. உலகம்மாள் பிறந்தபோது ரோஜாப்பூ மாதிரி இருந்தாளாம். பிறந்ததும் மஞ்சள்காமாலை, ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டி நீல விளக்குப் பெட்டிக்குள் போட்டார்களாம். அந்த லைட்டுதான் பிள்ளையைக் கருக்கிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பியோடு இதையும் கொடுப்பாள்: இது பிறவிக் கறுப்பு இல்லை, விளக்குக் கறுப்பு. அந்த நீல ஒளி தோலைக் கருக்காது, ரத்தத்தில் தேங்கிய மஞ்சளைக் கரையும்படி மாற்றி வெளியேற்றும், அது இல்லாவிட்டால் என் மூளை போயிருக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். மூளை மட்டும் மிஞ்சி என்னட்டி பிரயோஜனம் என்று அம்மா ஒருதரம் கேட்டாள். கோபத்தில் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போல. அன்றைக்கு வந்து போனவன் அம்பாசமுத்திரத்துக்காரன், மிக்சரை வாயில் வைத்தபடியே பேசினான், அவன் உதட்டோரத்தில் மஞ்சள் எண்ணெய் மினுங்கியது. அவனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று தெரிந்தபோது அழுதாள். அந்த எண்ணெய் வாய்க்காரனுக்காக. அதையும் மன்னிக்க முடியாது.

இப்போது பெண் பார்த்துப் போயிருக்கிற சங்கரபாண்டியன் அப்படி இல்லை, அதுதான் கஷ்டம். அவனும் அருவருப்பாக இருந்திருந்தால் இந்தப் படுக்கையிலிருந்து எப்போதோ எழுந்து போயிருப்பாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, நாற்பது வயது, முன்நெற்றி ஏறிவிட்டது, அவனும் கறுப்பு. ஆண்களுக்கு அதைக் களை என்பார்கள். மொட்டை மாடியில் பேச விட்டபோது, என்ன ஆராய்ச்சி செய்தீர்கள் என்று கேட்டான். எல்லோரும் கேட்பார்கள், பதிலைக் கேட்க மாட்டார்கள். அவன் கேட்டான். கேட்டுவிட்டு, அப்போ உள்ளே போன வெளிச்சம் திரும்பி வெளியே வருமா என்றான். அவள் திகைத்துப்போனாள். வரும், வந்துதான் நாம் ஒருவரையொருவர் பார்க்கிறோம், தோலின் மேலே பட்டுத் திரும்புவது கொஞ்சம்தான், மீதி உள்ளே போய் அலைந்துவிட்டு வருகிறது என்றாள். அப்படின்னா உங்களைப் பார்க்கிறப்போ உள்ளே போய்ட்டு வந்த வெளிச்சத்தைத்தான் பார்க்கிறேன் என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே வெட்கமாகிக் கீழே தெருவைப் பார்த்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் இங்கே கிடக்கிறாள். அவன் அக்கா ஜோதிமணி படியிறங்கும்போது அம்மாவின் காதில், பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, அந்த மேலுதடும் தாடையும் மட்டும், எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன் என்றாள். இதோ, கூட்டி வந்திருக்கிறாள். திரைக்கு வெளியே சோபாவில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையைப் புரட்டுகிறாள். ஒவ்வொரு தாளுக்கும் எச்சில் தொட்டுத் திருப்புகிற சத்தம் இங்கே கேட்கிறது. இங்கே பேசினால் அங்கேயும் கேட்கும். அதுதான். அதுதான் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது. நான் கறுப்பு என்று இங்கே சொன்னால் அங்கே ஜோதிமணி கேட்பாள். கேட்டால் என்ன, அவளுக்குக் கண் இல்லையா? இருக்கிறது. சாயங்கால வெளிச்சத்தில், பவுடருக்கு மேல், பார்த்துவிட்டுத்தான் போனாள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கண்ணால் காண்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வாயால் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். சொல்லாத வரைக்கும் மாநிறம். சொன்னால், பூரணத்தம்மாள் பொய் சொன்னவள், பெண் வாயாடி, சம்பந்தம் நின்றது. வழுக்கைத் தலையில் வெட்கம் படர்ந்த அந்த மனிதனும் போனான். இப்போ உதட்டுக்கு மேல மேடம், இங்கே கொஞ்சம் அதிகமாத் தெரியும் என்றாள் பிரிஸ்கில்லா. குளிர்ந்த முனை மூக்குக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. அங்கேதான் தோல் மெல்லியது. அங்கேதான் மயிர் அடர்த்தி. எல்லாக் கறுப்பும் ஒரே இடத்தில். தாடையில் விழுந்த இரண்டும் இப்போது தனித்தனியாகத் துடிக்கத் தொடங்கியிருந்தன, யாரோ உள்ளே இருந்து தட்டுகிறதைப் போல. மூன்றாவது இங்கே விழுந்தால் உதடு வெந்து போகும். அப்புறம் ஆயுள் முழுக்க, அந்த மனிதன் பார்க்கிற ஒவ்வொரு தரமும், உள்ளே போய்விட்டு வருகிற வெளிச்சம் ஒரு பொய்யின் தழும்பைத்தான் தூக்கிக்கொண்டு வரும்.

“நிறுத்துங்க” என்றாள். தன் குரல் இவ்வளவு தட்டையாக இருக்குமென்று அவள் எதிர்பார்க்கவில்லை. வலிக்கா மேடம், கொஞ்சம் ஐஸ் வைக்கவா என்றாள் அந்தப் பெண். “எண் தப்பு. அது மாநிறத்துக்கு வெச்ச எண். நான் கறுப்பு.”

திரைக்கு வெளியே தாள் புரளவில்லை.

பிரிஸ்கில்லாவுக்கு வெட்கமாகிவிட்டது, எதிராளியின் ஆடை விலகியதைப் பார்த்துவிட்டவளின் வெட்கம். “ஐயோ, அப்படில்லாம் சொல்லாதீங்க மேடம். நீங்க நல்லா களையாத்தான் இருக்கீங்க.” அவள் மனம் நோகக் கூடாதென்று அந்தப் பெண் உண்மையாகவே தவித்தாள், அந்தத் தவிப்போடு மிஷினின் முனையை மறுபடியும் உதட்டருகே கொண்டுவந்தாள். இதைவிட அன்பாக ஒருத்தியைச் சுட முடியாது. உலகம்மாள் குவளைகளைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். டாக்டர் வேறு கிளினிக்குக்குப் போய்விட்டார்; போனில்தான் பிடிக்க முடியும். இதற்குள் அம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள், என்னட்டி கூத்து, அந்த ஜோதிமணி மைனி காதுல விழுது என்று பல்லுக்குள் பேசினாள், பிரிஸ்கில்லாவைப் பார்த்து, அவ படிச்சுப் படிச்சு இப்படித்தான் எதையாவது சொல்லுவா, மாநிறந்தாம்மா, நீ பாட்டுக்குச் செய்யி என்றாள். பிரிஸ்கில்லா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போனை ஒலிபெருக்கியில் போட்டு, சார், இந்த மேடம் ஸ்கின் கலர் வேறங்காங்க என்றாள். மறுமுனையில் ஹாரன் சத்தம், ஏதோ பஸ். என்ன கலர்ங்காங்க என்றது டாக்டரின் குரல். அந்தப் பெண்ணால் அதைச் சொல்ல முடியவில்லை. நீங்களே சொல்லிருங்க மேடம் என்று போனை நீட்டினாள். கறுப்பு என்றாள் உலகம்மாள். கேட்கவில்லை, சத்தமா என்றார் டாக்டர். அம்மா அவள் முழங்கையைப் பிடித்து நகத்தால் அழுத்தினாள். “கறுப்பு சார். நல்ல கறுப்பு. பவுடர் போட்டு வந்திருந்தேன்.”  அப்போ அந்த மிஷினையே போடக் கூடாது, உடனே நிறுத்துங்க, ஐஸ் வைங்க, அவங்க ஏன் முதல்லயே சொல்லல என்றார். ஏன் சொல்லவில்லை என்று தன் முகத்தைப் பார்க்காதவருக்கு யார் சொல்வது என்று யோசித்தாள். போனை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தாள். 

ஐஸ் பொதிந்த துணியைத் தாடையில் பிடித்தபடி வெளியே வந்தபோது ஜோதிமணி எழுந்து நின்றாள். பத்திரிகை மடியில் இல்லை, சோபாவில் கவிழ்ந்து கிடந்தது. அவள் உலகம்மாளின் கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிப் போய், துணியை விலக்கி, அனுபவப்பட்டவளாகத் தாடையைச் சாய்த்துப் பார்த்தாள். இரண்டு வட்டங்கள், நடுவில் நீர்கோத்து, ஓரம் சாம்பல் பூத்து. “இது ஒண்ணுமில்ல. ஆறு மாசத்துல மங்கிரும். எனக்கு மங்கிட்டுல்லா” என்றாள் தணிந்த குரலில். உலகம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஜோதிமணியின் கழுத்தோரத்தை, பவுடர் வியர்வையில் பிளந்திருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே, ஒரே அளவில், ஒரே இடைவெளியில், மேலிருந்து கீழாக வட்டத் தழும்புகள். அவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கியிருக்கிறாள், ஒருமுறையும் நிறுத்தச் சொல்லாமல். வாங்கிவிட்டு, வாயைத் திறக்காமல், தம்பிக்குப் பார்த்த பெண்ணைக் கையைப் பிடித்து அதே படுக்கைக்குக் கூட்டி வந்திருக்கிறாள்.

“நான் கறுப்புன்னு உங்களுக்குத் தெரியாதா மைனி?”

“தெரியும். எல்லாருக்குந்தான் தெரியும். அதை எதுக்குச் சொல்லணும்?” அவள் குரலில் சூது இல்லை. உண்மையான வியப்பு. எட்டி நின்று வெறுக்கலாம் என்று பார்த்தால், அந்த முகம் வெகு அருகில் இருந்தது, வேர்த்திருந்தது, நோயாளிக்கு ஆறுதல் சொல்கிற கனிவோடு.    தம்பியிடம் சொல்லிவிடுங்கள் என்றாள் உலகம்மாள்: தாடையில் மயிரும் இருக்கும், இன்று முதல் இரண்டு தழும்பும் இருக்கும், நிறம் அவர் பார்த்ததுதான், இதற்கு மேல் எடுக்கவும் மாற்றவும் தன்னிடம் எதுவும் இல்லை. பிடித்தால் வரட்டும். பிடிக்காவிட்டால் அதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவரே சொல்லட்டும். ஜோதிமணி பிடித்திருந்த கையை விட்டாள். வெடுக்கென்று விடவில்லை, எங்கே வைப்பது என்று தெரியாதவளாகத் தன் கழுத்தோரத்துக்குக் கொண்டுபோய் அந்த இடத்தைத் தடவினாள், பிறகு நான் ஆட்டோ பிடிச்சுப் போய்க்கிடுதேன் என்று தனியே இறங்கிப் போனாள்.  மாடிப்படி முழுக்க அம்மாவின் மூச்சு மட்டும் புஸ்புஸ்ஸென்று பின்னால் வந்தது. கீழே கட்டட வாசலில் நடுப்பகல் வெயில் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. உலகம்மாள் வாசற்படியில் நின்றாள். வெந்த தோலில் இந்த வெயில் பட்டால் தழும்பு நிலைத்துவிடும். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்தானையை இழுத்துத் தலையை மூடி, தாடை மறைய முகத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். அம்மாவின் மூச்சு சட்டென்று இளகியது. மகளுக்குக் கடைசியில் புத்தி வந்துவிட்டது, நாலு பேர் பார்க்க வெளியே போகும்போது மறைக்கத் தெரிந்துவிட்டது என்கிற நிம்மதியோடு, தன் கையாலேயே முந்தானை நுனியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

“வெயில் படக் கூடாதும்மா. அதுக்குத்தான்.”

“அதைத்தானட்டி நான் இத்தன வருசமாச் சொல்லுதேன்” என்றாள் பூரணத்தம்மாள்.